விதியை வகுப்பவர் யார்?

விளையாட்டு விளையாட்டுக்காகவே என்பார் நம்மிடையே பலர் உளர். கலை கலைக்காகவே என்ற பழைய கோஷத்தின் கடைக்குட்டி இது. கதை, கவிதை, நாடகம் ஆகிய துறைகளில் மூத்த கோஷத்தை எதிர்த்து நாம் வேண்டிய அளவு வாதாடியிருக்கிறோம். ஆனால் பிள்ளைகளின் கையில் அன்றாடம் கொடுக்கும் பலகை ஆட்டங்களை விமர்சனத்துக்குரிய பொருளாக நாம் இன்றுவரை கொள்ளவில்லை. ஒரு நாவலைப் பிள்ளை ஒருமுறை படிக்கிறது. மிகவும் பிடித்தால் இருமுறை படிக்கிறது. ஓர் ஆட்டப் பலகையைச் சுற்றியோ நூறு மாலைகள் அமர்கிறது. நாவலில் யாரோ ஒருவன் நிலத்தை வளைத்துப் போடுவதை அது பார்த்திருக்கும். பலகையில் அதுவே நிலத்தை வளைத்துப் போடும். இந்த வேறுபாடு சிறியதன்று.

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மனிதர் கூடி வகுத்துக்கொள்ளும் ஒழுங்குக்கும் அது பெயர். மனிதரால் மாற்ற முடியாததென்று சொல்லப்படும் தலையெழுத்துக்கும் அதுவே பெயர். ஓர் ஆட்டத்தை எடைபோடும் விமர்சகன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: இந்த ஆட்டம் விதியை எந்தப் பொருளில் கற்பிக்கிறது?

இக்கேள்வி நமக்குப் புத்தகத்தில் எழவில்லை, எழுவைதீவிலே எழுந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகவேண்டிய அந்தச் சிறு தீவில், விடுமுறை நாள்கள் சிலவற்றில், ஆசிரியர் சிலரும் உயர்வகுப்பு மாணவர் சிலரும் கூடினோம். தீவுப் பிள்ளைகளின் சொந்த வாழ்வை வைத்து ஒரு பலகை ஆட்டம் ஆக்கி, ஆடிப் பார்த்து, ஒரு பதிப்பகத்தாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது நமது நோக்கம். அம்முயற்சி பாதி வென்று பாதி தோற்றது. வெற்றியைவிடத் தோல்வியே நமக்குக் கூடுதலாகக் கற்பித்தது என்பதனால் இதனை எழுதுகிறோம்.

கைவசம் இருந்த முன்மாதிரிகளை முதலில் நோக்குவோம்.

பரமபத சோபனம் நம்மவர் யாவரும் அறிந்தது. நற்குணத்தின் பெயர் எழுதிய கட்டத்தில் ஏணி நிற்கும். தீக்குணத்தின் பெயர் எழுதிய கட்டத்தில் பாம்பு வாய் திறந்திருக்கும். நன்மை செய்தால் ஏற்றம், தீமை செய்தால் வீழ்ச்சி என்று பலகையின் எழுத்துச் சொல்கிறது. ஆட்டமோ வேறொன்றைச் சொல்கிறது. ஆடுபவன் நன்மையையும் தேரவில்லை, தீமையையும் தேரவில்லை. தாயக்கட்டை உருண்டது, காய் நகர்ந்தது, பாம்பு விழுங்கிற்று. எழுத்தில் அறம், விதியில் தலையெழுத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மண்ணின் இவ்வகை ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய், மோட்சத்தை இழந்து, பாம்பும் ஏணியுமாக மட்டும் அச்சேறித் திரும்பி வந்தது. அறம் எழுதிய எழுத்துகள் போயின. ஆட்டத்தில் எதுவும் குறையவில்லை. அந்த எழுத்துகள் ஆட்டத்துக்கு எவ்வளவு வெளியே நின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு, கோடுகள் வெட்டும் 23 சந்திகள். பலகையில் ஓர் எழுத்தில்லை, உபதேசமில்லை, தாயக்கட்டையும் இல்லை. தனித்து நிற்கும் ஆட்டின் பின்னே சந்தி வெறுமையாக இருந்தால் புலி தாண்டி அதனைக் கொன்றுவிடும். பின்னே இன்னோர் ஆடு நின்றால் தாண்ட முடியாது. ஆடுகள் ஒன்றுக்கொன்று முதுகு கொடுத்து நின்று, புலிகள் அசைய வழியில்லாமல் அடைத்தால் ஆடுகளுக்கே வெற்றி. ஒற்றுமையைப் பற்றி எத்தனையோ மேடைப் பேச்சுகளைக் கேட்டிருக்கிறோம். ஒற்றுமை ஏன் வேண்டும், எந்த இடத்தில் வேண்டும், எந்தக் கணத்தில் அது குலைகிறது என்பதை இந்த ஊமைக் கோடுகள் அளவுக்குத் துல்லியமாக உணர்த்திய பேச்சுகள் சிலவே. இது தமிழருக்கு மட்டும் உரிய சொத்துமன்று. இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணிபுரிந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் ஆங்கில நூலில், சிங்களக் கிராமத்தவர் ஆடிய 'திவியன் கெலிய' என்ற சிறுத்தை ஆட்டத்தை வரைபடத்தோடு விவரித்திருக்கிறார். மொழி வேறு, ஆட்டின் நிலையும் அதன் உபாயமும் ஒன்றே.

நமது பழைய ஆட்டங்கள் எல்லாம் மக்கள் பக்கம் நிற்பவை என்று நாம் சொல்ல வரவில்லை. பல்லாங்குழியில் ஒரு சுற்றில் தோற்றவர், கைவசம் உள்ள முத்துகளால் நிரப்பக்கூடிய குழிகளை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்கவேண்டும். மற்றக் குழிகள் அவருக்கு அடைபட்டுவிடும். இழந்தவனிடமிருந்து மேலும் இழக்கச் செய்யும் விதி இது. கடன்பட்ட குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இதனை விளக்கத் தேவையில்லை. பழமை என்பதனால் எதையும் போற்றவும் வேண்டாம். பழமை என்பதனால் எதையும் தள்ளவும் வேண்டாம். விதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவோம்.

மேலைநாட்டில் நம்மைப் போன்ற நோக்கத்தோடு ஆட்டம் ஆக்கிய இருவரைப் பற்றி ஆசிரியர் உலகம் அறிந்திருக்கவேண்டும்.

ஒருவர் எலிசபெத் மாகி. அமெரிக்காவில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர். நிலத்தின் பெறுமதியைத் தனியார் விழுங்குவதே வறுமைக்குக் காரணம் என்ற ஹென்றி ஜோர்ஜின் கொள்கையில் ஊறியவர். அக்கொள்கையை மக்களுக்கு உணர்த்த 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற ஒன்றை ஆக்கி, 1904 ஜனவரியில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஒரே பலகைக்கு இருவகை விதிகளை வகுத்தார். ஒருவகையில், நிலத்தைப் பிடித்தவன் மற்றவரை ஓட்டாண்டியாக்கி வெல்வான். மற்றவகையில், நிலத்தின் வருவாய் பொதுவுக்குப் போகும். அனைவரும் சேர்ந்து உயர்வர். இரண்டையும் ஆடிப் பார்ப்பவன் வறுமை தலையெழுத்தன்று, வகுத்த விதி என்பதைத் தானே கண்டுகொள்வான் என்பது அவருடைய எண்ணம். எத்தகைய நுண்மையான ஆசிரியத்திறன்!

அதன் கதி என்ன ஆயிற்று? ஆட்டம் கைக்குக் கை மாறி, ஊருக்கு ஊர் மக்கள் தெருப்பெயர்களை மாற்றி எழுதி ஆடினர். அப்படி ஆடக் கற்றுக்கொண்ட சார்ள்ஸ் டறோ என்பவர் அதைத் தம் ஆக்கமென்று விற்றார். 1935இல் பார்க்கர் சகோதரர் கம்பனி அதை வாங்கி 'மொனோப்பொலி' என்ற பெயரில் உலகெங்கும் பரப்பிற்று. மாகியின் காப்புரிமையையும் அதே ஆண்டில் 500 டொலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் அவருக்குப் பங்கு இல்லை. டறோ செல்வந்தரானார். இரண்டாவது விதிவகை பெட்டியிலிருந்து மறைந்தது. முதலாவது மட்டும் நிலைத்தது. ஏகபோகத்தை அம்பலப்படுத்தப் பிறந்த ஆட்டம் ஏகபோகத்தின் பாலபாடமாயிற்று. 'அன்ரி மொனோப்பொலி' என்ற ஆட்டத்தை வெளியிட்டதற்காக வழக்குக்கு இழுக்கப்பட்ட பொருளியற் பேராசிரியர் றால்ஃப் அன்ஸ்பாக், 1970களில் அந்த வழக்குக்காகத் தேடப்போய்த்தான் இவ்வரலாற்றைத் தோண்டி எடுத்தார்.

மற்றவர் நியூயோர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பேர்ட்டெல் ஓல்மன். மார்க்சியத்தில் தேர்ந்த அறிஞர். 1978இல் 'வர்க்கப் போராட்டம்' என்ற பலகை ஆட்டத்தைத் தாமும் நண்பர்களும் கம்பனி தொடங்கி வெளியிட்டார். பெட்டியின் மேல் கார்ல் மார்க்சும் செல்வர் றொக்கவெல்லரும் கைமல்லுக்கு நிற்கும் படம். ஆடுபவர் தாம் எந்த வர்க்கம் என்பதைக் கட்டை உருட்டி அறிகின்றனர். தொழிலாளரும் முதலாளிகளும் பெரும் வர்க்கங்கள். விவசாயிகள், சிறுவணிகர், மாணவர் முதலியோர் சிறு வர்க்கங்கள். கட்டங்களில் வேலைநிறுத்தமும் தேர்தலும் வருகின்றன, முடிவில் புரட்சி.

ஓல்மனின் நோக்கத்தில் நமக்குப் பூரண அனுதாபம் உண்டு. ஆயினும் விமர்சனத்தில் உறவு பார்க்கலாகாது. இவ்வாட்டத்தின் பெரும்பகுதியில் காய் நகர்வது கட்டையின் தயவில். நன்மையும் தீமையும் வருவது கட்டத்தின் எழுத்தில். உள்ளடக்கம் மார்க்சியம்; உருவமோ பரமபதம். சிவப்புச் சாயம் பூசிய பரமபதம் என்றால் மிகையாகாது. வரலாற்றை மக்கள் ஆக்குகிறார்கள் என்று வாயால் சொல்லி, கட்டை ஆக்குகிறது என்று கையால் காட்டுவது முரண்பாடு. ஓரிடத்தில் மட்டும் அவர் உயர்கிறார். பெரும் வர்க்கங்கள் சிறு வர்க்கங்களோடு பேசிக் கூட்டணி அமைக்கலாம். அங்கே ஆடுபவர் சிந்திக்கிறார், வாதாடுகிறார், விலைபேசுகிறார். அவ்விடத்தில் உருவமும் உள்ளடக்கமும் ஒன்றாகின்றன. இந்த வணிகத்தில் தாம் பட்ட பாட்டை ஓல்மனே 1983இல் ஒரு நூலாக எழுதினார். 'ஒரு மார்க்சிய வணிகனின் உண்மை வாக்குமூலம்' என்று பொருள்படும் துணைத்தலைப்பை அதற்கு இட்டார். தம்மைத் தாமே நகையாடத் தெரிந்த அறிஞர்மீது நமக்கு மதிப்புக் கூடுகிறது.

இன்று ஜேர்மனியை நடுவமாகக் கொண்டு வளர்ந்திருக்கும் புதிய பலகை ஆட்டங்கள் கட்டையின் ஆட்சியைக் குறைத்து ஆடுபவரின் சிந்தனைக்கு இடம் கொடுத்தவை. ஆனால் தீவில் வாழ்பவருக்கு அவற்றிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. 1995இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற கிளவுஸ் ரொய்பரின் 'கத்தான்' ஒரு தீவைப் பற்றியது. அத்தீவில் ஆளில்லை, வந்து குடியேறுவோருக்காகவே மரமும் மண்ணும் தானியமும் காத்துக்கிடக்கின்றன. 2002இல் வந்த 'புவேர்ட்டோ றிக்கோ'வில் தோட்டங்களில் வேலைசெய்யக் கப்பலில் வந்திறங்குவோர் 'குடியேறிகள்' எனப்பட்டனர். அக்காய்களின் நிறம் பழுப்பு. அடிமை முறை நிலவிய ஒரு தீவின் கதையில் இது யாரைக் குறிக்கிறது என்ற கண்டனம் எழுந்து வலுத்தபின், அடிமை ஒழிப்புக்குப் பிந்திய 1897ஆம் ஆண்டைக் களமாகக்கொண்ட புதிய பதிப்பு 2022இல் வந்தது. அதற்கிடையே, 2017இல் எரிக் றொயிஸ் ஆக்கிய 'ஸ்பிரிற் ஐலண்ட்' பலகையையே திருப்பிப் போட்டது. அதில் ஆடுபவர் தீவின் தெய்வங்கள். தீவு மக்களோடு சேர்ந்து, குடியேற வருவோரைத் துரத்துவதே ஆட்டம். கண்டனம் வீண்போவதில்லை என்பதற்கு இவை சான்று.

நம் தீவுகளையும் பிறர் பலகையாக வைத்து ஆடியே வந்திருக்கின்றனர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் நெடுந்தீவை டெல்வ்ற் என்றனர். காரைதீவை அம்ஸ்ரர்டாம் என்றனர். புங்குடுதீவை மிடில்பேர்க் என்றனர். அனலைதீவை றொட்டர்டாம் என்றனர். இந்நான்கு நகரங்களும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு முதல் திரட்டிய ஆறு சபைகளில் நான்கின் இருப்பிடங்கள். மொனோப்பொலிப் பலகையில் கட்டங்களுக்குத் தெருப்பெயர் இட்டதுபோலத் தீவுகளுக்குப் பங்குதாரரின் ஊர்ப்பெயரை இட்டனர். அது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2021இல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான காற்று, சூரிய மின்திட்டம் ஒரு சீனக் கம்பனிக்கு என்று முடிவாயிற்று, இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டின் இறுதியில் சீனத்தார் ஒதுங்கினர், 2022 மார்ச்சில் இந்திய உதவியோடு அதனைச் செய்ய உடன்படிக்கை ஒப்பமாயிற்று. வல்லரசுகள் இரண்டும் காய் நகர்த்தின. விளக்கெரிய வேண்டிய வீட்டாருக்கு அந்த ஆட்டத்தில் முறை வரவேயில்லை.

இந்த நினைவுகளோடுதான் நாம் எழுவைதீவில் அமர்ந்தோம். இனி நமது தவறுகளைச் சொல்லுவோம்.

நாம் ஆக்கிய முதல் ஆட்டம் பழைய சுவரொட்டியின் பின்புறத்தில் வரைந்த நூறு கட்டங்கள். 'வியாபாரியிடம் முற்பணம் வாங்கினாய். எட்டுக் கட்டம் பின்னே செல்.' 'கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தாய். பன்னிரண்டு கட்டம் முன்னே செல்.' ஓல்மனைக் குறைகூறிய நாமே அவரைவிட மோசமான பரமபதத்தை வரைந்திருந்தோம். பிள்ளைகள் கட்டத்தின் எழுத்தைப் படிக்கவேயில்லை. எண்ணை மட்டும் பார்த்துக் காயை நகர்த்தினர். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு சிறுமி கேட்டாள்: "சேர், நாங்கள் யோசிக்கிறதுக்கு இதிலை என்ன இருக்கு?" இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை எந்தச் சஞ்சிகையிலும் நாம் படித்ததில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் கட்டையை எடுத்துவிட்டோம். ஆறு பேர், ஆறு வள்ளம். பைக்குள் கைவிட்டு எடுக்கும் சிப்பிகளே அன்றைய பாடு. மீன் அன்றைக்கே விலைபோகவேண்டும், இல்லையேல் பழுதாகிவிடும். கரையில் நிற்கும் வியாபாரியாக ஏழாவது ஒருவர். ஆட ஆட அந்த ஏழாவது ஆளே வென்றார். அடுத்த நாள் எல்லாரும் வியாபாரியாக இருக்கவே அடிபட்டனர். உண்மை வாழ்வை உள்ளபடி காட்டினோம் என்று நாம் திருப்திப்படலாம். ஆனால் நாம் கற்பித்தது வியாபாரியாகும் ஆசையை. உள்ளதை உள்ளபடி படம்பிடிப்பது மட்டும் யதார்த்தவாதம் ஆகாது என்று வகுப்பறையில் நாவலை வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். அதே பாடம் புளியங்கொட்டையிலும் சிப்பியிலும் நமக்குத் திரும்பக் கிடைத்தது.

மூன்றாவதில் மறுகோடிக்குப் போனோம். வியாபாரியை ஆட்டத்திலிருந்து நீக்கினோம், எல்லாரும் பாட்டை ஒன்றாகச் சேர்த்து ஊர்காவற்றுறைக்கு அனுப்பினர், எல்லாருக்கும் நல்ல விலை, எப்போதும் வெற்றி. ஆசிரியர்களாகிய நமக்கு அது மிகவும் பிடித்தது. மூன்றாம் முறை ஆடுவதற்குப் பிள்ளைகள் வரவில்லை. கொக்கான் வெட்டப் போய்விட்டனர். முடிவு முன்பே தெரிந்த கதைகளை முற்போக்குக் கதைகள் என்று அச்சிட்டு, வாசகர் ஏன் வருவதில்லை என்று வருந்தும் பத்திரிகையாசிரியரின் நிலை நமக்கு நன்கு விளங்கிற்று.

நாலாவது ஆட்டத்தில்தான் ஏதோ பிடிபட்டது. வியாபாரி திரும்ப வந்தார்; ஆனால் ஆடுபவராக அன்று, பலகையின் ஓரத்தில் எழுதிய நிலையான, குறைந்த விலையாக. ஊர்காவற்றுறைக்கு மீன் கொண்டுபோகும் படகு, நால்வராவது பாட்டைச் சேர்த்தால் மட்டுமே புறப்படும். குறைந்தால் சேர்த்தவர்களின் மீன் பழுது. ஒவ்வொருவரும் மூடிய கையை நீட்டவேண்டும்: உள்ளே சிப்பி இருந்தால் படகுக்கு; புளியங்கொட்டை இருந்தால் வியாபாரிக்கு. ஒற்றையா இரட்டையா ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு மூடிய கை புதிதன்று. கைகள் ஒன்றாகத் திறக்கும்.

அன்று நாம் கண்டது மறக்கமுடியாதது. கை நீட்டுமுன் வாக்குறுதிகள், திறந்தபின் மௌனம். முதல் நாள் படகு போயிற்று. இரண்டாம் நாள் மூன்று சிப்பிதான். மூவரின் மீன் பழுதாயிற்று. மூன்றாம் நாள் எவரும் எவரையும் நம்பவில்லை. ஆட்டத்தில் முற்பணக் கடன் பட்டிருந்த ஒரு பையன் ஒவ்வொரு முறையும் புளியங்கொட்டையே நீட்டினான். மற்றவர் அவனைத் துரோகி என்றனர். அப்போது, முன்பு கேள்வி கேட்ட அதே சிறுமி சொன்னாள்: "அவன்ரை கடனை நாங்கள் எல்லாரும் சேந்து முதல் அடைப்பம். பிறகு அவன் ஏன் குறைஞ்ச விலைக்கு விக்கப்போறான்?" நமது விதியில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. "விதியிலை இல்லாட்டி எழுதுங்கோவன்" என்றாள். எழுதினோம்.

ஆடிச் சோதித்தல் என்று தொழில்துறையார் சொல்வதன் முழுப்பொருள் அன்றுதான் நமக்கு விளங்கிற்று. எழுத்தாளன் தன் படைப்பை அச்சேற்றியபின் மக்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கிறான். ஆட்டம் ஆக்குபவனோ அச்சேறுமுன் ஐம்பது தடவை மக்கள்முன் வைத்து, அவர்கள் சலிக்கும் இடத்தையும் ஏமாற்றும் இடத்தையும் சிரிக்கும் இடத்தையும் பார்த்துத் திருத்தவேண்டும். மக்களிடம் கற்று மக்களுக்குக் கொடுப்பது பற்றி நாம் பேசுவதுண்டு. அதனைத் தொழிலின் கட்டாயமாகவே வைத்திருக்கும் துறை இது.

சோதனையில் இன்னொரு படி உண்டு. ஆக்கியவர் அருகில் இல்லாமல், எழுதிய விதியை மட்டும் படித்து அறியாதவர் ஆடவேண்டும். அனலைதீவு மாணவர் சிலருக்கு அனுப்பினோம். நாம் எழுதியிருந்த வசனம் இது: 'நால்வர் உடன்பட்டாலன்றிக் கலம் புறப்படாதாகும்.' அவர்கள் நால்வர் உடன்பட்டால் படகு போகாது என்று விளங்கிக்கொண்டு ஒரு மாலை முழுவதும் ஆட்டத்தைத் தலைகீழாக ஆடியிருந்தனர். கலம் என்றால் சாப்பாட்டுக் கோப்பையா என்று ஒருவன் கேட்டெழுதியிருந்தான். மக்கள் மொழியில் எழுதுவது பற்றி 1960களின் தொடக்கத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் பண்டிதர்களோடு நடத்திய மரபுப் போராட்டத்தை மாணவர்க்கு விரிவுரைத்தவர்கள் நாம். நமது கையே பண்டிதர் கையாக இருந்தது. திருத்தினோம்: 'நாலு பேர் சிப்பி வைத்தால் படகு போகும். குறைந்தால் போகாது.' இதுபோன்ற வசனம் எழுதுவது கடினம். அலங்காரத்துக்கும் மழுப்பலுக்கும் அதில் இடமில்லை. விளங்காவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

கடைசிப் படி பதிப்பகம். இத்தொழில் வேரூன்றிய நாடுகளில் இதற்கென ஒரு நடைமுறை உண்டு. ஆட்டம் எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், எதனால் புதியது என்று சொல்லும் ஒற்றைத் தாள். கையால் செய்த மாதிரி ஒன்று. சில நிமிடங்களில் ஆடிக் காட்டும் திறன். ஏற்றுக்கொண்டால் ஆக்கியவருக்கு, பதிப்பகம் கடைகளுக்கு விற்கும் மொத்த விலையில், பெரும்பாலும் 5 முதல் 10 வீதம் வரை உரிமைப் பங்கு கிடைக்கும். அங்கும் இது தானாகக் கிடைத்ததன்று. நூலாசிரியர் பெயர் அட்டையில் வருவதுபோல ஆட்டம் ஆக்கியவர் பெயர் பெட்டியில் வருவது வழக்கமாக இருக்கவில்லை. 1988இல் நூரம்பேர்க் விளையாட்டுப்பொருட் சந்தையில் ஆக்குநர் சிலர் கூடி, பெட்டியின் மேல் எமது பெயர் இல்லையென்றால் எம்மில் எவரும் ஆட்டம் கொடுப்பதில்லை என்று பியர் குவளைக்குக் கீழே வைக்கும் அட்டை ஒன்றில் எழுதி ஒப்பமிட்டனர். 1991இல் அவர்களுக்கென ஒரு சங்கமும் அமைந்தது. மூடிய கைகள் ஒன்றாகத் திறந்தபோது உள்ளே சிப்பிகள் இருந்தன என்று நம் பிள்ளைகள் சொல்வார்கள்.

நமக்கு நேர்ந்ததோ வேறு. நாம் அணுகிய பதிப்பகத்தார் அன்போடு உபசரித்தார். ஆட்டத்தை இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா? தோற்கிற ஆட்டத்தைப் பெற்றோர் காசு கொடுத்து வாங்குவார்களா? சிப்பியையும் புளியங்கொட்டையையும் பிள்ளைகளே பொறுக்கலாம் என்றால் பெட்டிக்குள் எதை வைத்து விலைபோடுவது? அவரைக் குறைகூற நாம் விரும்பவில்லை. தாளின் விலை அவருக்குத் தெரியும். பரீட்சைப் பயத்தின் விலையும் தெரியும். அவரும் ஒரு பலகையில் நின்று ஆடுபவரே. அந்த விதியை அவர் வகுக்கவில்லை.

ஆயினும் மூன்றாவது கேள்வி நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. பெட்டிக்குள் அடைக்கமுடியாத ஆட்டத்தைச் சந்தை ஆட்டமாகக் கொள்வதில்லை. நம் முன்னோர் தரையில் கரிக்கோடு கிழித்து ஆடியவை அத்தகையவை. அவற்றை அழியவிடாமல் பெட்டியில் தருவதும் வேண்டிய பணிதான். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய 'கிரீடா' பல்லாங்குழி முதலிய மரபு ஆட்டங்களை மரபு ஆட்டங்கள் என்றே சொல்லி நகரத்து வீடுகளுக்குள் மீண்டும் கொண்டுவந்தது, பாராட்டுவோம். தாயத்தின் உறவான பச்சீசி 1896இல் இங்கிலாந்தில் 'லூடோ' என்று ஒருவரின் காப்புரிமையானதை நினைத்தால் இந்நேர்மையின் பெறுமதி தெரியும். ஆனால் மரபைப் பெட்டியில் அடைப்பதோடு பணி முடிவதில்லை. ஆடுபுலி ஆட்டத்தை ஆக்கிய பெயர் தெரியாத மக்கள் தம் காலத்துப் புலியைப் பலகையில் ஏற்றினர். நம் காலத்துப் புலியை ஏற்றுவது நம் கடன்.

இனிச் சுயவிமர்சனம். நமது ஆட்டத்தில் பெருங்குறை ஒன்று இன்னும் இருக்கிறது. வியாபாரியின் விலை பலகையோரத்தில் எழுதப்பட்ட ஓர் எண்ணாகவே நிற்கிறது. அந்த எண்ணை எழுதுபவர் யார்? ஐஸ் வைத்திருப்பவர் யார்? நண்டையும் கணவாயையும் கடல்கடந்து அனுப்புபவர் யார்? இவர்கள் நமது பலகைக்கு வெளியே நிற்கின்றனர். விதியை வகுப்பவரை ஆட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டு, விதி மனிதர் வகுத்ததே என்று கற்பிக்கிறோம். இக்குறையை நமக்குச் சுட்டியவர்களும் மாணவர்களே. ஐந்தாவது ஆட்டம் இதனைத் தீர்க்கவேண்டும். எப்படி என்று நமக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒன்றை மட்டும் முடிவுசெய்திருக்கிறோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச்சொத்துச் சட்டம், பிறநாட்டுச் சட்டங்களைப் போலவே, ஓர் எண்ணத்துக்கோ செய்முறைக்கோ பதிப்புரிமை அளிப்பதில்லை. அதனை எடுத்துரைக்கும் எழுத்துக்கும் படத்துக்குமே அளிக்கிறது. வணிகருக்கு இது இடைஞ்சல், நமக்கு வாய்ப்பு. விதிகளை ஒரு தாளின் இருபுறத்தில் எழுதி முடித்திருக்கிறோம். கேட்கும் பாடசாலைகளுக்குப் படியெடுத்துக் கொடுக்கிறோம். வவுனியாவில் நெல்லையும் ஆலைக்காரரையும் வைத்து, மலைநாட்டில் கொழுந்தையும் தராசையும் வைத்து மாற்றி ஆடலாம். மாற்றுபவர்கள் ஒரு நிபந்தனையை மட்டும் காத்துக்கொள்ளட்டும்: படகு புறப்படாமல் போகவும் கூடிய ஆட்டமாக அது இருக்கவேண்டும். தோற்கவே முடியாத ஒற்றுமை பிரசங்கம். தோற்கக்கூடியது, ஆயினும் ஆறு பிள்ளைகள் வாதாடி, கடனடைத்து, கைதிறந்து காப்பாற்றிய ஒற்றுமைதான் நாளைக்குக் கரையில் நிற்கும்போது அவர்களுக்கு நினைவு வரும்.

பலகை வரையக் கரித்துண்டு போதும். சிப்பி கரையிலே கிடக்கிறது.